மதுரையில் வெளியே சாப்பிட: கடைக்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்

மதுரைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கடை நல்லா இருக்கும்?" பதிலுக்கு நாலு பெயர் கிடைக்கும். அவை நல்ல கடைகளாகவும் இருக்கும். அப்படியும் பல பேர் "என்னமோ சொன்னாங்க, ஒண்ணும் பெருசா இல்லையே" என்று திரும்புகிறார்கள். பெரும்பாலும் கோளாறு கடையில் இல்லை, போன நேரத்தில் இருக்கிறது. ஒரே மெஸ்ஸில் பகல் பன்னிரண்டரைக்கு இலையில் விழும் சுக்கா வேறு, மூன்று மணிக்கு விழும் சுக்கா வேறு. இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொழுது உண்டு. அந்தப் பொழுதில் போனால் பெயர் தெரியாத கடையும் நன்றாகப் போடும்; தப்பவிட்டால் பேர்போன கடையிலும் மிச்சம்தான் கிடைக்கும்.

காலைச் சிற்றுண்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பொங்கல், பூரி, வடை எல்லா ஊரிலும் உள்ளதுதான். பொங்கல் ஏழிலிருந்து எட்டரைக்குள் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகு பாத்திரத்தில் இருப்பது இறுகிவிடும். வெந்நீரும் எண்ணெயும் விட்டுக் கிளறித்தான் போடுவார்கள். மிளகு முழுசாக இல்லாமல் நசுங்கிக் கிடந்தால் அது கிளறிய பொங்கல். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. வெள்ளையப்பம் எண்ணெயிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குத்தான் வெள்ளையப்பம். ஓரம் மொறுமொறுவென்றும் நடு பஞ்சாகவும் இருக்கும்போதே கார சட்னியோடு முடித்துவிட வேண்டும். ஆறினால் தோலாகி எண்ணெய் கக்கும். ஆகவே எப்போது போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

சைவச் சாப்பாட்டுக்கு மீனாட்சி அம்மன் கோயில் நடைதான் கணக்கு. பகல் 12.30 மணிக்கு நடை சாத்தி, மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். நடை சாத்தியதும் உள்ளே இருந்த கூட்டம் அப்படியே மாசி வீதிகளுக்கும் டவுன் ஹால் ரோட்டுக்கும் இறங்கும். அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பக்கத்து ஓட்டல்களில் பின்னால் ஆள் நிற்க நிற்கச் சாப்பிட வேண்டிவரும். பதினொன்றே முக்காலுக்கு முதல் பந்தியில் உட்காருங்கள். சாம்பார் தாளித்த மணத்தோடு வரும், பொரியல் வாடியிருக்காது. மூன்றாவது நாலாவது பந்திக்கு சாம்பாரில் வெந்நீர் சேர்ந்திருக்கும். கரண்டியில் எடுக்கும்போதே பருப்பு அடியில் தங்கி, மேலே தெளிநீர் ஓடும். அப்படிக் கண்டால் சாம்பாரைக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு வத்தக்குழம்புக்குப் போய்விடுங்கள். புளிக்குழம்பு நேரம் ஆக ஆகக் கெடாது, சொல்லப்போனால் கூடிவரும்.

இனி மெஸ். மதுரையில் மெஸ் என்றால் பகலில் கறிச்சோறு போடும் இடம் என்றுதான் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். தல்லாகுளம் பக்கம் குமார் மெஸ், சந்திரன் மெஸ், அழகர்கோவில் சாலையில் அம்மா மெஸ் என்று வெளியூர்வரை பெயர் போனவை இருக்கின்றன. தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை மங்கிப்போன சின்ன மெஸ்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் வேலை ஒழுங்கு ஒன்றுதான். ஆடு விடியற்காலையில் அறுபடும். கறி ஆறு, ஏழு மணிக்குச் சமையல்கட்டுக்கு வரும். முதலில் எலும்புக் குழம்பு ஏறும். சுக்காவுக்கான கறி வெந்து பன்னிரண்டு மணிவாக்கில் தயாராகும். கேட்கக் கேட்க அதைக் கல்லில் போட்டுப் பிரட்டிக் கொடுப்பார்கள். பன்னிரண்டே காலிலிருந்து ஒன்றரைவரை எல்லாமே உச்சத்தில் இருக்கும்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஆட்டையே வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு ஆட்டுக்கு மூளை ஒன்று, ஈரல் ஒன்று, சுவரொட்டி (மண்ணீரல்) ஒன்று. ஒரு மெஸ்ஸில் நாளைக்கு ஐந்து ஆடு ஆகிறது என்றால் மூளை ஐந்துதான். அன்றாடம் அறுத்த கறியை வைத்து நடத்தும் கடையில் இவை ஒரு மணிக்குள் தீர்ந்துபோகும், தீர்ந்துபோகவும் வேண்டும். "மூளை காலி ஆயிருச்சுண்ணே" என்று சொல்கிற கடையை நம்பலாம். ராத்திரி ஒன்பதுக்கும் தட்டு நிறைய மூளை வைத்திருக்கும் கடை ஐஸில் வைத்ததை எடுக்கிறது. மூளை சீக்கிரம் கெடும் உறுப்பு. அது புதுசாக இருந்தால் வெண்ணெய் போலக் கரையும், லேசான இனிப்பு இருக்கும். பழசில் கவிச்சி மிளகுக்கும் அடங்காது.

இலையில் உட்கார்ந்ததும் பெரிய தட்டில் இருபது சின்னத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஒருவர் வருவார். சுக்கா, ஈரல், குடல், தலைக்கறி, கோலா உருண்டை, நண்டு, இறால், வஞ்சிரம், காடை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே ஒன்றிரண்டை இலை ஓரத்தில் வைத்துவிடுவார். வேண்டாதது என்றால் அந்த நொடியே எடுக்கச் சொல்லுங்கள். கை வைத்தபிறகு பில்லில் ஏறிவிடும். "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மீன், நண்டு, அயிரை ஆகியவற்றின் விலை நாளுக்கு நாள் மாறும், கேட்பதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். இரண்டு பேருக்கு இரண்டு சாப்பாடு, ஒரு சுக்கா, ஒரு கோலா உருண்டை, ஆளுக்கு ஒரு ஆம்லெட் போதும். அதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஆசைக்குத்தான். நாலு பேராகப் போனால் நாலு விதம் வாங்கிப் பங்கு போடலாம், மெஸ் சாப்பாட்டுக்கு அதுதான் சரியான எண்ணிக்கை.

சுக்காவைப் பார்த்ததும் மூன்று விஷயம் கவனியுங்கள். வெங்காயம் சின்ன வெங்காயமா? பெரிய வெங்காயம் என்றால் அளவைக் கூட்டப் போட்டது, தித்திப்பு முன்னால் வரும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா? தண்ணீர் கசிந்து இலையில் ஓடினால், வேகவைத்த கறியை மசாலாவில் அவசரமாகப் பிரட்டி எடுத்திருக்கிறார்கள், கல்லில் சுண்டவிடவில்லை. மூன்றாவது, துண்டைப் பிய்த்துப் பாருங்கள். இளங்கிடாய்க் கறி அழுத்தினால் விட்டுக்கொடுக்கும், ஆனால் மெல்லுவதற்குக் கொஞ்சம் இருக்கும். நார் நாராக நூல்போலப் பிரிந்து, வாயில் சாரமே இல்லாமல் போனால் குக்கரில் அளவுக்கு மீறி வெந்தது. வெள்ளாட்டுக் கறி என்று சொல்லிச் செம்மறியைப் போடும் இடங்களும் உண்டு. செம்மறியின் கொழுப்பு ஆறியதும் சீக்கிரம் உறையும். இலையில் வெள்ளைப் படலம், உதட்டில் மெழுகு ஒட்டியது மாதிரி ஒரு பிசுக்கு. செம்மறி மோசம் என்று சொல்லவில்லை, பிரியாணிக்கு அது நன்றாகவே இருக்கும். சுக்காவுக்கு வெள்ளாடுதான்.

கோலா உருண்டை கொத்துக்கறி, பொட்டுக்கடலை மாவு, சோம்பு, தேங்காய், கசகசா சேர்ந்தது. பொட்டுக்கடலை சேர்மானத்தைக் கட்டிப்பிடிக்க மட்டும்தான். அது கூடினால் உருண்டை கல்லாகும், கறிச் சுவை போய்ப் பொடிச் சுவை வரும். விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். ஒரு பிளேட் மட்டும் முதலில் வாங்கிப் பாருங்கள்.

குழம்பு ஊற்றும் வரிசையில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சோற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பங்குக்கு மட்டன் குழம்பு, இரண்டாவதுக்கு மீன் குழம்போ நண்டுக் குழம்போ, மூன்றாவதுக்கு ரசம். மோருக்குத் தனியாக ஒரு பிடி. மீன் குழம்பை முதலில் ஊற்றினால் புளி நாக்கை மரக்கவைத்துவிடும், பிறகு மட்டன் குழம்பின் எலும்புச் சாறு தெரியாது. ஒரே சோற்றில் இரண்டு குழம்பைக் கலப்பது இரண்டையும் வீணாக்குவது. சோறு முடிந்த பிறகும் சுக்காவில் கொஞ்சம் மிச்சம் வைத்து ரசத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள். மிளகு ரசமும் கருகிய மசாலாவும் சேரும் அந்த இடம் இந்தச் சாப்பாட்டின் சிறந்த பகுதி.

அயிரை மீன் குழம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. அயிரை விரல் நீளம்கூட இல்லாத மீன். கண்மாய், குளத்து மண்ணில் கிடப்பது, உயிரோடுதான் விற்பார்கள். வயிற்றில் மண் இருக்கும், ஆனால் கீறிச் சுத்தம் செய்ய முடியாத அளவு சிறிசு. அதனால் உப்புப் போட்ட தண்ணீரிலோ பால் கலந்த தண்ணீரிலோ விட்டு மண்ணைக் கக்க வைப்பார்கள். பிறகு மண்சட்டியில் கல் உப்பைப் போட்டு, வழுவழுப்புப் போகும்வரை உரசித் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். குழம்பு நன்றாகக் கொதித்த பிறகு கடைசியில் மீனைப் போட்டுச் சில நிமிடங்களில் இறக்க வேண்டும். இந்தப் பாட்டினால்தான் விலை. நல்ல அயிரைக் குழம்பில் மீன் உடையாமல் முழுசாக இருக்கும், முள் தெரியாது, அப்படியே மென்றுவிடலாம். பல்லில் மண் நறநறத்தால் உரசியது போதவில்லை. லேசான கசப்பும் சேற்று வாடையும் வந்தால் மண் கக்காத மீன், அதைச் சாப்பிட வேண்டாம். மீன் கரைந்து குழம்போடு கூழாகியிருந்தால் காலையில் வைத்ததைத் திரும்பத் திரும்பச் சூடாக்கியிருக்கிறார்கள். மழைக்குப் பிறகு கண்மாய்களில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் வாங்குங்கள். கோடையில் "அயிரை இருக்கு" என்றால் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. சாப்பாட்டோடு ஊற்றும் குழம்புகளில் அயிரை சேர்ந்ததா, கிண்ணத்துக்குத் தனி விலையா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

கிழமையும் பார்க்க வேண்டும். ஞாயிறு எல்லோரும் வருவதால் மெஸ்களில் கைகள் போதாது, கல்லில் சுண்டவிட நேரமும் இருக்காது. செவ்வாய், புதன், வியாழன்தான் என் தேர்வு. வெள்ளி, அமாவாசை, புரட்டாசிச் சனி ஆகிய நாட்களில் கறிச் சாப்பாட்டுக்காரர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். நல்ல மெஸ் அன்று குறைவாகவே அறுத்து ஒரு மணிக்கே மூடிவிடும், விடாமல் வழக்கம்போலத் தட்டு நிறைய வைத்திருக்கும் இடத்தில் யோசியுங்கள். திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் அரசு உத்தரவுப்படி இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். அன்று இலையில் விழும் மட்டன் முந்தைய நாளுடையது. அந்த நாலு நாளும் சைவம் சாப்பிடுவதே மேல்.

கறிச்சோற்றுப் பேச்சில் முனியாண்டி விலாஸை விட முடியாது. தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயரில் இருக்கும் ஓட்டல்களின் வேர் மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே உள்ள வடக்கம்பட்டியில் இருக்கிறது. அந்த ஊர் முனியாண்டி கோயில் விழாவில் ஆட்டுக்கறிப் பிரியாணியே பிரசாதம். அந்தந்த ஊரில் ஓட்டல் வைத்திருப்பவர்கள் அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து சேருவார்கள். பிரியாணி என்றதும் ஒரு குறிப்பு: பகல் பிரியாணியை அண்டா திறக்கும் நேரத்தில், பதினொன்றரை பன்னிரண்டுக்குள் சாப்பிடுங்கள். சீரகச் சம்பா அரிசி சிறியது, தம்மிலிருந்து திறந்த பிறகு ஈரம் போய்ச் சீக்கிரம் உதிர்ந்து காயும். இரண்டு மணிக்கு அடியில் இருப்பது எண்ணெய் ஊறிய கலவைதான். நிறத்தையும் பாருங்கள். அடுத்தடுத்த பருக்கை பளீரென்று ஆரஞ்சாக இருந்தால் அது மிளகாயின் நிறம் இல்லை. பிரியாணியிலும் பொரித்த கோழியிலும் செயற்கை நிறம் சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தரவில்லை.

மாலை நாலு மணிக்கு ஊர் இரண்டாவது முறை அடுப்பு மூட்டும். திருமலை நாயக்கர் மஹால் பக்கமும் கீழவாசல் பக்கமும் சௌராஷ்டிரர் தெருக்களில் முள்ளு முருங்கை வடை போடுவார்கள். வடை என்று பெயரே தவிரப் பூரி போலத் தட்டையாக இருக்கும். முள்ளு முருங்கை (கல்யாண முருங்கை) இலையை அரிசியோடு சேர்த்து அரைத்து, இலையிலோ துணியிலோ தட்டிப் பொரித்து, மேலே காரப்பொடி தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்று வீட்டிலும் செய்வது வழக்கம். பச்சை நிறம் கரும்பச்சையாக இருந்தால் இலை தாராளம். வெளிர்பச்சை என்றால் அரிசி கூடிப்போய்க் கடிக்கவே வராது. முதல் இரண்டு மூன்று ஈடுகளுக்குள் வாங்குங்கள். எண்ணெய் புதுசா என்பதை வாணலியைப் பார்த்தே சொல்லிவிடலாம்: மாவு போட்டதும் எழும் குமிழ் சீக்கிரம் அடங்கினால் நல்ல எண்ணெய், நுரை கட்டி அடங்காமல் நின்று, கொஞ்சச் சூட்டிலேயே புகைந்தால் பலமுறை காய்ந்தது. பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெயில் சேரும் கெடுபொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. தெருவில் அளந்து பார்க்க முடியாது, நுரை சொல்லும்.

பருத்திப்பாலும் இந்த நேரத்துக்கானது. ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்துப் பால் பிழிந்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, கொஞ்சம் அரிசி மாவு கரைத்துவிட்டு, சுக்கு, ஏலம், தேங்காய்த் துருவல் போட்டுக் காய்ச்சுவது. அரிசி மாவு கெட்டிப்படுத்த மட்டும்தான். கூடினால் இனிப்புக் கஞ்சியாகிவிடும். நல்ல பருத்திப்பாலில் கொட்டையின் எண்ணெய்ப்பசையும் ஒரு மண் மணமும் இருக்கும். அது தெரியாமல் ஏலக்காய் மட்டும் தூக்கினால் பால் இளைத்தது.

ஜிகர்தண்டாவைப் பகல் சாப்பாடு முடிந்த கையோடு குடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கறியும் சோறும் நிறைந்த வயிற்றில் சுண்டிய பாலும் பாசந்தியும் ஐஸ்கிரீமும் இறங்கினால் பிற்பகல் போய்விடும், சுவையும் தெரியாது. விளக்குத்தூண் பக்கம் கடைவீதி சுற்றிவிட்டு ஐந்து மணிக்கு மேல் போங்கள். பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், ஐஸ்கிரீம், மேலே பாசந்தி. பிசினுக்கு எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். ஒரு டீஸ்பூன் பிசின் ஊறிப் பல மடங்காகப் பெருகும். ஊறாததில் நடுவே கெட்டியான மணி பல்லில் தட்டுப்படும். பிசினுக்குச் சுவை கிடையாது, குளிர்ச்சியும் வழுவழுப்பும்தான் அதன் வேலை. பால் பாதியாகச் சுண்டினால் தானாகவே பழுப்பு ஏறும். சுண்டாத பாலில் கஸ்டர்ட் பொடி கரைத்தால் மஞ்சள் நிறமும் மாவு ருசியும் வரும். நன்னாரிக்குப் பதில் ரோஸ் சிரப் ஊற்றினால் எல்லாம் வாசனைத் தண்ணீராகிவிடும். கரண்டி கேட்டு வாங்குங்கள். முழுசாகக் கலக்காமல் மேலிருந்து இறங்கி வந்தால் ஒவ்வொரு அடுக்கும் தெரியும். முதல்முறை குடிப்பவர்களுக்குச் சாதாரணம் போதும், ஸ்பெஷலில் பாசந்தி கூடுவதால் இரண்டு பேர் பங்கு போடலாம்.

பரோட்டா ஏழரைக்கு மேல். இங்கே கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உட்காருங்கள், பரோட்டாக் கடையில் எல்லாம் வாசலிலேயே நடக்கிறது. பிசைந்த மைதா எண்ணெயில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறியிருந்தால் வீசும்போது கிழியாமல் கண்ணாடியாக விரியும். விரியாமல் சுருங்கினால் மாவு ஊறவில்லை, பரோட்டா ரப்பராகத்தான் வரும். கல்லில் வெந்ததும் ஐந்தாறை ஒன்றாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார்கள். அந்த அடியில்தான் அடுக்கு பிரியும். சூடு இருக்கும்போதே அடிக்க வேண்டும். ஆறியதை அடித்தால் நொறுங்கும், அடிக்காமல் விட்டால் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். கூட்டம் குறைவான ஆறு மணிக்கே நாற்பது ஐம்பது போட்டு அடுக்கி வைத்துவிட்டு, கேட்கும்போது திரும்பச் சூடாக்கித் தரும் கடைகள் இருக்கின்றன. அதைத் தவிர்க்க ஒரு வழிதான்: வேகம் பிடித்த கடையாகப் பார்த்து ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் போய், "அண்ணே, கல்லுல இருந்து எடுத்து அடிச்சுக் குடுங்க" என்று சொல்வது. மாஸ்டருக்கு இந்த ஒரு சொல் போதும்.

பன் பரோட்டா சாத்தமங்கலம் பக்கம் பெயர் வாங்கியது. வட்டம் சிறிசு, உயரம் அதிகம். பக்கங்களைக் கரண்டியால் உள்ளே தள்ளித் தள்ளி எண்ணெயில் வேகவிடுவார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. உயரம் அதிகம் என்பதால் நெருப்பு மிஞ்சினால் நடு வேகாது. பிய்த்ததும் உள்ளே மாவுப்பசை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சாதாரணப் பரோட்டா மூன்று சாப்பிடுபவருக்கு இது இரண்டு போதும். பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுவதுதான் பன் பரோட்டாவுக்கு முறை. சாதாரணப் பரோட்டாவை அப்படி ஊறவிடாதீர்கள், அடுக்கெல்லாம் வீணாகும். தொட்டுக்கொள்ளுங்கள்.

சால்னா ராத்திரி ஆக ஆக மாறும். எட்டு மணிக்குத் தேங்காயும் சோம்பும் எலும்புச் சாறும் சமமாக இருக்கும். அடுப்பிலேயே கிடந்து சுண்டியதும் உப்புக் கூடும்; தண்ணீரும் மிளகாய்த்தூளும் சேர்த்து நீட்டுவார்கள். பச்சை மிளகாய்த்தூள் வாடை தொண்டையில் பிடித்தால் அது நீட்டிய சால்னா. பத்தரைக்கு மேல் போனால் பரோட்டாவை விட்டுவிட்டுக் கொத்துப் பரோட்டா சொல்லுங்கள். கொத்துக்கு ஆறிய பரோட்டாதான் சரி, சூடானது கரண்டியின் கீழ் பிசைந்து உருண்டையாகும். அந்த நேரத்தில் கடையில் இருப்பதும் ஆறியதுதான், இரண்டும் பொருந்தும். பக்கத்துக்கு ஒரு கலக்கி அல்லது வழியல். முட்டையைச் சால்னா விட்டுக் கல்லில் அரைவேக்காட்டில் சுருட்டித் தருவது, வழிய வழிய இருக்க வேண்டும்.

கறி தோசைக்குச் சிம்மக்கல் கோனார் மெஸ்ஸைத்தான் ஊரே சொல்லும், இப்போது பல கடைகளில் போடுகிறார்கள். அடியில் ஊத்தப்பம் போலத் தடித்த தோசை, அதன்மேல் அடித்த முட்டை, அதன்மேல் எலும்பில்லாமல் பொடியாகக் கொத்திய மட்டன். திருப்பிப் போட்டு மிதமான தீயில் வேக வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், அவசரப்படுத்தினால் அடி கருகி நடுவில் மாவு வெள்ளையாக ஒட்டும். பரோட்டாவும் தோசையும் ஒரே கல்லில் போடும் கடையில் எட்டரை மணி நெரிசலில் கேட்காதீர்கள். ஏழு மணிக்கோ ஒன்பதே முக்காலுக்கு மேலோ கேளுங்கள். ஒரு கறி தோசை இரண்டு பேருக்கு. மட்டனைக் குளிராகத் தூவியிருந்தால் முட்டையில் ஒட்டாமல் உதிரும், வாயில் சூடும் குளிரும் மாறி மாறி வரும்.

ராத்திரி இட்லி இந்த ஊரின் பெருமை. பத்து மணிக்கு மேல் துணி போட்டு அவித்த இட்லியை இலையில் எடுத்து வைத்து, தேங்காய், தக்காளி, புதினா என்று நாலைந்து சட்னியும், கேட்டால் குடல் குழம்பும் ஊற்றுவார்கள். துணியின் நெசவு இட்லியின் முதுகில் அச்சாகத் தெரிந்தால் இப்போது எடுத்தது. அச்சு மழுங்கி மேலே வியர்த்திருந்தால் மூடியே கிடந்தது. தேங்காய்ச் சட்னியை மட்டும் முகர்ந்துவிட்டு வாங்குங்கள், மதுரை வெயிலில் சாயங்காலம் அரைத்தது ராத்திரிக்குள் புளித்துவிடும். குடலை வெந்நீரும் மஞ்சளும் போட்டுப் பலமுறை கழுவாவிட்டால் சாணி வாடை எந்த மசாலாவுக்கும் மறையாது. ஒரு கரண்டி வாங்கிப் பார்த்து, பிறகு கூட்டிக்கொள்ளுங்கள்.

பில் விஷயம் கொஞ்சம். பெரும்பாலான ஓட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சிறு கடைகள் பல, விற்பனையில் ஒரு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும். அந்தக் கடை உங்களிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் தந்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும். பரிமாறியவருக்குக் கையில் கொடுப்பது உங்கள் மனசு. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டில் கோளாறு என்று புகார் கொடுக்க அதுதான் பிடி.

பார்சல் என்றால் பரோட்டாவைத் தவிர்த்து வேறு எதையும் வாங்கலாம் என்பேன். அப்படியும் பரோட்டாதான் வேண்டுமானால் சால்னாவைத் தனியாக வாங்குங்கள், பொட்டலத்தை வழியிலேயே லேசாகப் பிரித்து ஆவியைப் போகவிடுங்கள், அரை மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக்குக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆனாலும் கொதிக்கிற சால்னாவைக் கவரில் ஊற்றிக் கட்டுகிற கைகள் இன்னும் ஓயவில்லை. வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி கொண்டுபோனால் அந்தக் கவலை இல்லை. வாளியைப் பார்த்ததும் மாஸ்டர் ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார். ரயிலேறுகிறவர்கள் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிரேமா விலாஸில் சூடான அல்வாவை அங்கேயே ஐம்பது கிராம் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைக் கட்டச் சொல்லலாம். அல்வா ஒன்றுதான் ஊர் போய்ச் சேரும்வரை நேரம் பார்க்காமல் தாங்கும்.